மலை சொன்ன பொய்ச்சாட்சி

சன்னாசியை ரப்பர்ப் பால் கொட்டகைத் தூணில் கட்டியிருந்தார்கள். மாடு கட்டும் கயிறு. மாடாக இருந்திருந்தால் முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தியிருப்பார்கள்.

பத்துமலை காரை நிறுத்திவிட்டு இறங்கினான். ஈப்போவிலிருந்து தோட்டம்வரை செம்மண் பாதை. அவனுடைய வெள்ளைச் சட்டை வழியிலேயே சந்நியாசம் வாங்கியிருந்தது. பின்னாலிருந்து மயில்வாகனம் குடையை ஊன்றி இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் தந்தி அடித்தவர். பிறர் சேதியைக் காதால் வாங்கியே காலம் தள்ளியவர், ஓய்வு பெற்றபின் அதையே துப்பறியும் தொழிலாக்கிக்கொண்டார். பத்துமலை அவருக்குக் கார் ஓட்டுவான். கதவு தட்டுவான். அவர் பொய் சொல்ல மாட்டார். அந்த வேலையும் பத்துமலைக்குத்தான்.

தூணில் இருந்தவனின் முகம் வீங்கி ஒரு கண் மூடிக் கிடந்தது. வலது கை விரல்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன.

"யாரு அடிச்சது?" என்றான் பத்துமலை.

"யாரு அடிக்கலன்னு கேளுங்கண்ணே. சீக்கிரம் முடிஞ்சிடும்," என்றாள் வீரம்மா.

வீரம்மா, செத்துப்போன கருப்பம்மாளின் தங்கை. முந்தின நாள் மாட்டுவண்டி பிடித்து ஈப்போவுக்கு வந்து மயில்வாகனத்தை அழைத்தவள் அவள்தான். அக்காளைக் கொன்றதாக அக்காள் புருஷன் சன்னாசியைப் பிடித்துவிட்டார்கள். அவன் கொல்லவில்லை என்பது வீரம்மாவின் கட்சி. அவனுக்கு எதிரான முதல் சாட்சியும் வீரம்மாதான்.

"அக்கா குரல் மலையில இருந்துதான் வந்துச்சு. கேட்டேன். கேட்டதக் கேக்கலன்னு எப்படிச் சொல்றது?" என்று அவள் காரில் வரும்போதே சொல்லியிருந்தாள். "ஆனா மச்சான் செய்யல. அவரும் தொங்கிட்டா அக்கா புள்ளைக்கு யாரு இருக்கா?"

கொட்டகை நிழலில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். துரை தமிழைத் தோட்டங்களில் கற்றவர். கட்டளைகள் மட்டும் நன்றாக வரும்.

"சாயங்காலம் லாரி வரும். இவனை ஏத்திட்டுப் போவேன். அதுவரைக்கும் நீ கேளு. அடிக்காதே. அடிச்சது போதும்."

மயில்வாகனம் தூணருகே குந்தினார்.

"அண்டைக்கு நீர் எங்கை இருந்தனீர்?"

"மலைக் குகையிலங்க. வவ்வா எரு அள்ளிக்கிட்டு இருந்தேன்."

"அதுதான் உம்மடை வேலையோ?"

"இல்லீங்க. பால்வெட்டு. கங்காணி ஐயா மாத்தி எருவுக்கு விட்டாரு."

"என்ன கேட்டீர்?"

சன்னாசி வெடித்த உதட்டை நக்கினான். "முனி கூப்பிட்டுச்சு."

"என்னெண்டு?"

"என் பேரச் சொல்லி. ரெண்டு தடவ. முதுகுக்குப் பின்னால, பாறைக்குள்ள இருந்து. பொம்பளக் குரலு."

"உம்மடை மனுசியின்ரை குரல் மாதிரி இருக்கேல்லையோ?"

"அவ என் பேரச் சொல்ல மாட்டாங்க." அடிபட்ட வாயில் அந்த ஒரு வாக்கியம் மட்டும் தெளிவாக வந்தது. "தாலி கட்டுனதுல இருந்து ஒரு தடவகூடச் சொன்னதில்ல. 'இந்தாங்க'ம்பா. 'புள்ளையோட அப்பா'ம்பா. பேரு வராது. அது முனிதாங்க."

"பதில் குடுத்தீரோ?"

"மூணாவது தடவ கூப்பிடட்டும்னு இருந்தேன். கூப்பிடல."

பத்துமலைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவனும் தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். உச்சி வேளையில் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைக்கு முன் வாய் திறக்கக் கூடாது. எழக் கூடாது. முனியால் இரண்டு தடவைதான் கூப்பிட முடியும். மூன்றாவது கூப்பிடுவது மனிதன். நடக்கக் கற்கும் முன்பே பிள்ளைகள் இதைக் கற்றுவிடும்.

"இவன் கேட்டான். லயத்துல எல்லாரும் கேட்டாங்க," என்றார் துரை. "பொண்டாட்டி புருஷன் பேரச் சொல்ல மாட்டா. எனக்குத் தெரியும். அப்ப எதுக்குச் சொன்னா? கொல்றவன் யாருன்னு ஊருக்குச் சொல்றதுக்குச் சொன்னா. அவன் நின்ன மலையில இருந்தே சொன்னா. வேற என்ன வேணும்?"

"நம்ம வழக்கத்தையெல்லாம் படிச்சு, அதுலயே கயிறும் திரிச்சுட்டாருங்க," என்று பத்துமலை மயில்வாகனத்தின் காதில் சொன்னான்.

கொட்டகையை ஒட்டிய பெரட்டுக்களத்தில் நின்றால் தோட்டம் முழுவதும் தெரியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் அது. வடக்கே சுண்ணாம்பு மலை, செங்குத்தாக, வெள்ளை வெளேரென்று. தெற்கே தென்னை உயரத்துக்கு ஒரு மண்மேடு. மேட்டுக்குப் பின்னால் பழைய லம்பம். ஈயத்தை வாரிக்கொண்டு போனவர்கள் விட்டுச் சென்ற குழி. இப்போது குளம். மலைக்கும் மேட்டுக்கும் நடுவே, களத்தை ஒட்டி, லயம்.

வீரம்மா கை காட்டிக்கொண்டே சொன்னாள். அன்று உச்சியில் எல்லோரும் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து சோற்றில் கை வைத்திருந்தார்கள். மலையிலிருந்து குரல் வந்தது. இரண்டு தடவை. யாரும் எழவில்லை. கையில் எடுத்த சோற்றோடு மூன்றாவதற்குக் காத்திருந்தார்கள். மூன்றாவது வரவில்லை. பிறகு மண்மேட்டின் மேல் கங்காணி பிச்சைமுத்து ஏறி வந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான். "என்னடா தின்னுக்கிட்டு இருக்கீங்க? மலையில ஆளக் கொல்றான், ஓடுங்கடா!" என்று கத்தினான். ஓடினார்கள். மலையில் சன்னாசி எருச் சாக்கின் மேல் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். கருப்பம்மாள் இல்லை. மறுநாள் காலையில் லம்பத்தில் மிதந்தாள். அதன் பிறகுதான் சன்னாசியைப் பிடித்துக் கட்டினார்கள்.

"ராத்திரி இவன் தூக்கிட்டு வந்து போட்டான்," என்றார் துரை.

"கருப்பம்மாள் அந்த நேரம் மலைக்கு ஏன் போனவ?" என்றார் மயில்வாகனம்.

வீரம்மா குரலைத் தாழ்த்தினாள். "மலைக்குப் போகலீங்க. கங்காணி அக்காவ ஒரு வருஷமா வளைச்சுக்கிட்டு இருந்தான். அக்கா மடங்கல. அதுக்குத்தான் மச்சான எருவுக்கு ஏத்தி விட்டான். அன்னைக்கு 'பம்பு கெட்டுப்போச்சு, வாளி எடுத்துக்கிட்டு லம்பத்துக்கு வா'ன்னு சொன்னான். என் காதால கேட்டேன்."

"துரையிட்டைச் சொன்னீரோ?"

"சொன்னேன். கங்காணி இல்லன்னுட்டான். தொரை கேட்டாரு, குரல் எங்க இருந்து வந்துச்சு, லம்பத்துல இருந்தா மலையில இருந்தான்னு. மலையிலன்னேன்." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அதோட எழுதுறத நிறுத்திட்டாரு."

கங்காணி பிச்சைமுத்து அப்போது அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தான். கோட்டு, தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. லயத்தில் பாதிப் பேர் அவன் ஊரிலிருந்து கப்பல் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள். மீதிப் பேர் அவனுக்குப் பயந்தவர்கள். அவன் நடந்த பாதையில் பிள்ளைகள் விளையாட்டை நிறுத்தினார்கள்.

"யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு என்ன சந்தேகம்?"

"நீர் அண்டைக்குக் குழிக்குள்ளை என்ன செய்தனீர்?"

"பம்பு பாத்தேன். ரப்பர் சீட்டு கழுவத் தண்ணி அங்க இருந்துதான் வருது. வழுக்கி விழுந்தேன். நனைஞ்சேன். விழுறது குத்தமா?"

"குரல்?"

"மலையில இருந்து. ஊரே சொல்லுது. ஊருக்கு எத்தன காது? உங்களுக்கு ரெண்டு."

"ரெண்டும் உங்க பிரம்புக்கு எட்டாத காதுங்க. அதான் கொஞ்சம் நல்லா கேக்கும்," என்றான் பத்துமலை.

பிச்சைமுத்து அவனை மேலும் கீழும் பார்த்தான். "எந்தத் தோட்டத்துல இருந்து ஓடுன பயடா நீ? மூஞ்சியில லயம் தெரியுது. காரு ஓட்டினா போயிடுமா அது?"

"போகாதுங்க. அத மறக்காம இருக்கத்தான் மூஞ்சி காட்டுற கண்ணாடி வச்ச காரா பாத்து ஓட்டுறேன்."

மயில்வாகனம் இதற்குள் மேட்டை நோக்கி நடந்திருந்தார். பத்துமலை ஓடிப் பிடித்தான். மேட்டில் ஏறி மறுபக்கம் இறங்கினார்கள். குளம் பச்சையாகக் கிடந்தது. பம்பு நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. மயில்வாகனம் அதன் பக்கத்தில் நின்று திரும்பினார்.

"இஞ்சையிருந்து என்ன தெரியுது, பத்துமலை?"

"மேடு தெரியுது. மேட்டுக்கு மேல மலை தெரியுது. பாதி மலை. குகை வாய்கூடத் தெரியுது."

"லயம்?"

"தெரியல."

"ஒரு பந்தை எறிஞ்சால்?"

"லயத்தப் பாத்து எறிஞ்சா மேட்டுல முட்டும். மலையப் பாத்து எறிஞ்சா பாறையில பட்டுத் திரும்பி லயத்துல விழும். எறியிறது முனியா இருந்தா."

"குரலும் பந்து போலத்தான். மேடு ஒரு பக்கத்தை மறைச்சுப் போட்டுது. மற்றப் பக்கத்தாலை போனது பாறையிலை பட்டுத் திரும்பியிருக்கு. லயத்திலை இருந்தவைக்குத் திரும்பி வந்தது மட்டும்தான் கேட்டது. அதுதான் மலை கூப்பிட்டது எண்டு நினைச்சவை."

"அப்ப சன்னாசிக்கு?"

"குகை வாயிலை இருந்தவன். குரல் நேரை வந்து குகைக்குள்ளை புகுந்து அவன்ரை முதுகுப் பக்கத்தாலை திரும்பியிருக்கு."

பத்துமலை பாறையைப் பார்த்தான். அவ்வளவு பெரிய சாட்சியை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை என்று தோன்றியது.

களத்தில் எல்லோரையும் நிறுத்தினார்கள். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சத்தம் வந்த பக்கம் கையை நீட்ட வேண்டும். தப்படிக்கிற சின்னையா தப்போடு குழிக்குள் இறங்கினான்.

தம்.

எல்லாக் கைகளும் தெற்கே நீண்டன. மேட்டின் பக்கம். அதற்குப் பிறகுதான் மலை தன் பங்குக்கு மெதுவாக ஒரு 'தம்' சொன்னது.

துரை சிரித்தார். பிச்சைமுத்து அதைவிட நீளமாகச் சிரித்தான். கங்காணி சிரித்ததால் ஜனங்கள் சிரித்தார்கள். தூணில் கட்டியிருந்த சன்னாசியும் சிரித்தான். பழக்கம்.

"குழியில அடிச்சா குழியிலதான் கேக்குது," என்றார் துரை. "நீ போய்த் தந்தி அடி."

மயில்வாகனம் குடையை எடுத்துக்கொண்டு மறுபடியும் மேட்டில் ஏறினார். பத்துமலை பின்னால் போனான். அவமானத்தில் நடப்பவருக்குப் பின்னால் நடப்பது அவனுக்குப் புதிதல்ல. பேச்சை மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

குளக்கரையில் மயில்வாகனம் நின்றார். கரையோரம் ஒரு தார்ப்பீப்பாய் சேற்றில் பாதி புதைந்து நின்றது. அதற்குப் பின்னால் ஒரு ரப்பர் இலை மிதந்தது. பத்துமலைக்குக் கை சும்மா இராது. ஒரு கூழாங்கல்லை எடுத்து எறிந்தான். சிறிய வளையங்கள் கிளம்பி வந்தன. பீப்பாயில் மோதின. இரு பக்கமும் விலகிப் போயின. பீப்பாயின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் கண்ணாடிபோல் அசையாமல் இருந்தது. இலையும் அசையவில்லை.

"ஒளிஞ்சுக்க நல்ல இடம்," என்றான். அடுத்து, கரையில் பிளந்து நின்ற ஒரு பெரிய மண்கட்டியைக் காலால் தள்ளினான்.

கட்டி விழுந்தது. பருத்த அலை ஒன்று எழுந்து வந்தது. பீப்பாய் என்ற ஒன்று இருப்பதையே அது மதிக்கவில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் ஒன்றுசேர்ந்தது. இலை மேலே ஏறியது, கீழே இறங்கியது. அலை போய்விட்டது. இலை இருந்த இடத்திலேயே இருந்தது.

"பாத்தீங்களா?" என்றான் பத்துமலை. "தோட்டத்து வாழ்க்கை. தொரை ஒரு கத்துக் கத்துவாரு. அது கங்காணி வழியா கடைசி லயம்வரைக்கும் போகும். கூலிக்காரன் ஏறிக் குதிப்பான். பாத்தா, நின்ன எடத்துலயே நிப்பான்."

மயில்வாகனம் அவன் தோளைப் பிடித்தார். அவர் யாரையும் தொடுகிறவர் அல்ல.

"இன்னொருக்கா எறியும். சின்னக் கல்லு."

எறிந்தான். பீப்பாய்க்குப் பின்னால் மறுபடியும் நிழல்போல் அமைதி.

"சின்ன அலைக்குப் பீப்பாய் ஒரு சுவர். பெரிய அலைக்கு அது வெறும் குச்சி. கண்டீரோ? சத்தமும் அலைதான். தப்பின்ரை சத்தம் பருத்த அலை. மேட்டைத் தாண்டி வளைஞ்சு வந்திட்டுது. பொம்பிளை கத்துறது அப்பிடியில்லை. மெல்லிய குரல், சின்ன அலை. அதுக்கு வளையத் தெரியாது. மேடு மறைச்சுப் போடும். பிழை என்ரை. தப்பை அனுப்பினது பிழை."

"அப்ப ஒரு விசில் வாங்கிட்டு வரட்டுங்களா?"

"விசிலைத் துரை நம்ப மாட்டார். அதே குரல் வேணும்."

"அந்தக் குரலைப் பொதைச்சாச்சுங்களே, ஐயா."

மயில்வாகனம் நிமிர்ந்து பார்த்தார். மேட்டின் மேல் வீரம்மா நின்றுகொண்டிருந்தாள். அக்காள் தங்கை இருவருக்கும் ஒரே குரல் என்று காரில் வரும்போது அவளே சொன்னது பத்துமலைக்கு உறைத்தது.

"ஐயா, வேணாம்ங்க," என்றான்.

"வேறை ஆரிட்டை இருக்கு?"

வீரம்மா கேட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"என்னன்னு கூப்பிடணும்?"

"அக்கா கூப்பிட்டதை, பிள்ளை."

"மச்சான் பேரையா?"

"ஓம்."

"அக்கா நின்ன எடத்துல நின்னா?"

"ஓம். பலமாய்."

அவள் மலையைப் பார்த்தாள். பிறகு சேலையைச் சொருகிக்கொண்டு பம்பை நோக்கி இறங்கினாள்.

களத்தில் மறுபடியும் கண்களை மூடச் சொன்னார்கள். யார் எங்கே போயிருக்கிறார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. துரையும் சலிப்போடு கண்ணை மூடினார், சுருட்டு விரலிடுக்கில். பத்துமலை தூணருகே நின்றான். அவள் எங்கே இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவன் கண்ணெதிரேதான் அவள் இறங்கிப் போனாள்.

"சன்னாசீ..."

பத்துமலை மலையைத் திரும்பிப் பார்த்தான். தெரிந்தும் திரும்பினான். குரல் பாறையின் நெற்றியிலிருந்து விழுந்தது. அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அத்தனை கைகளும் வடக்கே நீண்டிருந்தன. துரையின் சுருட்டும் வடக்கே நீண்டிருந்தது.

"சன்னாசீ..."

ஒரு கிழவி கீழே உட்கார்ந்துவிட்டாள். யாரோ திருநீற்றுக்குத் தேடினார்கள். சன்னாசி கயிற்றை இழுத்துக்கொண்டு எழப் பார்த்தான்.

"கேட்டீங்களா! இதாங்க! இதேதாங்க!" அவனுடைய ஒற்றைக் கண் பளபளத்தது. அடி வாங்கியதிலிருந்து அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை யாரும் பார்த்திருக்க முடியாது. "முனி! நான் பொய் சொல்லலீங்க! இதேதான் கூப்பிட்டுச்சு!"

மண்மேட்டின் மேல் வீரம்மா ஏறி வந்தாள். முழங்கால்வரை நனைந்திருந்தது. ஜனங்கள் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்கள். பிறகு மலையைப் பார்த்தார்கள். பிறகு நீட்டிய கைகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள்.

சன்னாசியும் பார்த்தான். "நீயா கூப்பிட்ட?"

அவள் தலையாட்டினாள்.

"அங்கிருந்தா?"

"ஆமா மச்சான்."

"அப்ப அன்னைக்கு?"

 மயில்வாகனம்தான் சொன்னார். தந்தி வாசிப்பதுபோல் வாசித்தார்.

"அண்டைக்கு உம்மடை மனுசி. அவ நிண்ட இடத்திலையிருந்து லயம் தெரியாது. மலைதான் தெரியும். மலையிலை நீர் இருந்தனீர். அதாலை உம்மடை பேரைச் சொன்னவ."

சன்னாசி தூணோடு சாய்ந்தான். அந்தச் சந்தோஷம் முகத்தைவிட்டுப் போகக் கொஞ்சம் நேரம் எடுத்தது. பத்துமலை வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். ஒருவன் கழுத்தைக் காப்பாற்ற இதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஆனாலும் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

பிச்சைமுத்து பிரம்பால் காலைத் தட்டினான்.

"நல்ல வித்தை. சரி, குழியில இருந்துதான் கூப்பிட்டான்னே வச்சுக்குவோம். அது என்ன என் வூட்டு அடுப்படியா? நான் பம்புக்கிட்ட இருந்தேன். அவ அந்தாண்டக் கரையில இருந்திருப்பா. எவன் கூடவோ. எனக்கும் மலையில இருந்துதான் கேட்டுச்சு. எல்லாரும் ஏமாந்தாங்க, நானும் ஏமாந்தேன்."

துரை சுருட்டைப் பற்றவைத்தார். "அதுவும் நியாயம்தான்."

"நியாயம்தான்," என்றார் மயில்வாகனம். "எனக்கு ஒண்டு மட்டும் விளங்கேல்லை. இஞ்சை இத்தினை பேர் கேட்டவை. ஒருத்தரும் எழும்பேல்லை. உச்சி வேளை, மூண்டாந்தரம் கூப்பிட்டால்தான் அசையிறது வழக்கம். சின்னப் பிள்ளையும் எழும்பேல்லை. நீர் மட்டும் மேடு ஏறி ஓடி வந்தீர். அது முனியில்லை எண்டு உமக்கு முதலே தெரிஞ்சிருக்கு. எப்பிடித் தெரியும்?"

ஜனங்கள் கங்காணியைப் பார்த்தார்கள். இதை அவர்கள் யோசித்ததில்லை. கேட்டபிறகு யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை. முனி கூப்பிட்ட நேரத்தில் அவன் ஓடினான். ஒன்று, அவனுக்கு முறை தெரியாது. இல்லையென்றால் அவனுக்கு முனி இல்லை என்று தெரியும்.

பிச்சைமுத்துவுக்குக் கோபம் வந்தது. ஊர்க் கோயிலில் முதல் மாலை வாங்குகிறவன் அவன்.

"எனக்கு முறை சொல்லித் தர்றியா? முனிக்கு வருஷா வருஷம் கெடா வெட்டுறவன் நான். ரெண்டு தடவைக்கு அசையிறவனா? மூணாவது கூப்பிட்ட அப்புறம்தான் மேட்டுல கால் வச்சேன்."

"மூண்டாந்தரம் கூப்பிட்டவவோ?"

"கூப்பிட்டா. அதுக்கப்புறம்தான் ஏறினேன். நல்லாக் கேட்டுக்க."

 பின்வரிசையில் அழுத குழந்தையின் வாயைத் தாய் பொத்தினாள்.

"மூணாவது வரலையே," என்றாள் வீரம்மா.

"வரல," என்றான் சின்னையா.

"வரல," என்றாள் உட்கார்ந்திருந்த கிழவி. "சோத்தக் கையில வச்சுக்கிட்டுல்ல இருந்தோம், வரட்டும் வரட்டும்னு."

துரை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

மயில்வாகனம் குடையை மடக்கினார். "முதல் ரெண்டும் வாய் திறந்து கூப்பிட்டது. பாறைக்குப் போய்த் திரும்பிச்சுது. ஊர் கேட்டுது. மூண்டாந்தரம் கூப்பிடேக்கை வாயிலை ஒரு கை இருந்திருக்கு. இல்லாட்டித் தண்ணி இருந்திருக்கு. அது பாறை மட்டும் போகேல்லை. மேட்டுக்கும் வரேல்லை. அவவின்ரை முகத்துக்குப் பக்கத்திலை இருந்த ஒராளுக்கு மட்டும்தான் அது கேட்டிருக்க ஏலும்."

"வாய் தவறிடுச்சு," என்றான் பிச்சைமுத்து.

"எங்க?" என்றான் பத்துமலை. "இப்பத்தானே முதல் தடவையா சரியா வந்துச்சு."

துரை எழுந்தார். ஊர்வழக்கம் தெரிந்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அந்தப் பெருமையில் அடி விழுந்தால் அவருக்கு ரோசம் வரும். சன்னாசிக்குக் கொண்டுவந்த விலங்கை எடுத்துப் பிச்சைமுத்துவின் கையில் பூட்டினார். பிரம்பு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்க ஒருவரும் குனியவில்லை.

"தொரை, இந்த நாய்ங்க பேச்சக் கேட்டு..." என்று தொடங்கிய பிச்சைமுத்து, சுற்றிலும் பார்த்தான். முகங்களை எண்ணுவதுபோல் பார்த்தான். பிறகு நிறுத்திக்கொண்டான்.

லாரி வந்து நின்றது.

பத்துமலை பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தான். சன்னாசியின் மணிக்கட்டில் கயிறு தோலோடு ஒட்டியிருந்தது. "போலாம்ணே. புள்ள தேடுதாம். எந்திரிங்க," என்றான். சன்னாசிக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. எழுந்தான். விழுந்தான். மறுபடி எழுந்து லாரியை நோக்கி நடந்தான்.

ஜனங்கள் வழி விட்டார்கள். அவனை அடித்தவர்கள்தான். அவன் ஒரு கல்லை எடுப்பான் என்று எதிர்பார்த்தார்கள். எடுத்துக் கொடுக்கவும் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். துரையின் கை இடுப்புத் தடிக்குப் போனது.

பிச்சைமுத்து லாரியின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தான். சன்னாசி அவன் முன்னால் போய் நின்றான். நல்ல கையால் பலகையைப் பிடித்துக்கொண்டான்.

"கங்காணி ஐயா."

பிச்சைமுத்து குனிந்து பார்த்தான்.

"மூணாவது தடவையும் என் பேரைத்தான் சொன்னாளா?"

பிச்சைமுத்து கையிலிருந்த விலங்கைப் பார்த்தான்.

"எப்படிச் சொன்னா?" சன்னாசியின் குரலில் கோபம் இல்லை. தெருவில் வழி கேட்கிறவன் குரல். "அவ சொல்லி நான் கேட்டதில்லீங்க. அன்னைக்குக் கேட்டேன், அவன்னு தெரியல. நீங்க பக்கத்துல இருந்தீங்க. எப்படிச் சொன்னான்னு ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க."

பத்துமலை மயில்வாகனத்தைப் பார்த்தான். அவர் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். அவருக்கு வழக்கு முடிந்துவிட்டது.

பிச்சைமுத்துவின் முகத்தில் பழைய களை மெல்லத் திரும்பியது. பிரம்பு போய்விட்டது, ஆள்பலம் போய்விட்டது, கழுத்தும் போகப் போகிறது. ஆனால் இந்தக் கூலிக்காரனுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள இன்னும் ஒன்று அவனிடம் இருந்தது. உதடுகளை இறுக மூடிக்கொண்டான்.

லாரி நகர்ந்தது. சன்னாசி பலகையை விடாமல் கூடவே நடந்தான். பிறகு ஓடினான்.

"ஒரு தடவைங்க. மெதுவாச் சொன்னாப் போதும்."

தோட்டத்து வளைவில் லாரி வேகமெடுத்தது. கை நழுவியது. பிச்சைமுத்து வாயைத் திறக்கவில்லை.